நாமக்கல் கோழி எரு எவ்வளவு தூரம் போக வேண்டும்?

முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்கிறது. அந்தத் தீவனத்தில் 17 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும். புரதத்தின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். பெருக்கி வகுத்தால், கோழி ஒரு நாளில் விழுங்கும் தழைச்சத்து சுமார் 3 கிராம். அதில் 1 கிராம் முட்டைக்குள் போகிறது. மிச்சம் 2 கிராம் எச்சமாகக் கூண்டுக்கு அடியில் விழுகிறது.

நாமக்கல் மண்டலத்தில் முட்டைக் கோழிகள் சுமார் 5 கோடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. இரண்டு கிராமை ஐந்து கோடியால் பெருக்கினால் 100 டன். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ. ஆகவே கூண்டுகளுக்கு அடியில் தினமும் விழுவது ஏறத்தாழ 4,800 யூரியா மூட்டைக்குச் சமமான சத்து. இது தோராயக் கணக்குதான். எல்லாக் கோழியும் எல்லா நாளும் முட்டையிடுவதில்லை. குஞ்சுகளும் வளர் கோழிகளும் குறைவாகத் தின்னும். இருந்தாலும் எவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

கோழி எரு என்றதும் நாற்றத்தையும் ஈயையும் பற்றிப் பேசுகிறோம். இல்லாவிட்டால் இயற்கை உரம் என்று ஒரே சொல்லில் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டு பேச்சிலும் கிலோ கணக்கு வருவதில்லை. எனக்கோ அந்தக் கணக்குத்தான் முதன்மையாகப் படுகிறது. எருவில் எவ்வளவு சத்து இருக்கிறது, அது எந்த மண்ணிலிருந்து வந்தது, எந்த மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தால் பயன், போகும் வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதைத் தனித் தோட்டத்துக்கு மட்டுமல்லாமல் ஒரு வட்டாரம் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் வட்டாரச் சத்துக் கணக்கு என்று சொல்கிறேன்.

வட்டம் பெரிதானபோது

பழைய ஊர்க் கணக்கு சின்னது. வயலில் விளைந்த வைக்கோலையும் சோளத்தட்டையும் மாடு தின்றது. சாணமும், கட்டுத்தறியில் கூட்டிய கூளமும், அடுப்புச் சாம்பலும் குப்பைக்குழிக்குப் போயின. கோடை உழவுக்கு முன் அதை வண்டியில் ஏற்றி அதே வயலில் கொட்டி இறைத்தார்கள். தானியமாகவும் பாலாகவும் சந்தைக்குப் போனது போக, மற்ற சத்தெல்லாம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் சுற்றி வந்தது. இந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. வரட்டி தட்டி அடுப்பில் எரித்த சாணத்தின் தழைச்சத்து புகையோடு போனது. மண் தரையில் ஊறிய மாட்டுக் கோமியம் வயலுக்கு வரவே இல்லை. ஆனால் எரு எங்கே போக வேண்டும் என்ற கேள்வி அந்த ஊரில் எழவில்லை.

1970களில் வேகமெடுத்த நாமக்கல் கோழிப் பண்ணைத் தொழில் இந்த வட்டத்துக்குள் அடங்குவதல்ல. தீவனத்தில் பாதியளவு மக்காச்சோளம். உள்ளூரில் விளைவது போதாமல் பெரம்பலூரிலிருந்தும், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, பீகார் வரையிலிருந்தும் லாரிகளிலும் சரக்கு ரயில்களிலும் வருகிறது. சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. முட்டை கேரளத்துக்கும், பெங்களூருக்கும், பள்ளிச் சத்துணவுக் கூடங்களுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. எரு மட்டும் கூண்டுக்கு அடியில் நிற்கிறது.

மக்காச்சோளம் விளைந்த நிலம் ஒவ்வோர் அறுவடையிலும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இழக்கிறது. அந்த இழப்பை அங்குள்ள விவசாயி யூரியாவும் டிஏபியும் (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) வாங்கி ஈடுகட்டுகிறார். டிஏபிக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி ஜோர்டான், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. டிஏபியாகவே இறக்குமதியாவதும் ஏராளம். பாலைவனத்தில் வெட்டிய பாறை உரமாகி, பீகார் வயலில் மக்காச்சோளமாகி, நாமக்கல் கோழியின் வயிற்றைக் கடந்து கொட்டகைக்கு அடியில் குவிகிறது. அந்தச் சத்தை வாங்க நாடு அந்நியச் செலாவணி கொடுத்திருக்கிறது. அரசு மானியம் கொடுத்திருக்கிறது. அதை மழையில் கரைய விடுவது எனக்கு வயிற்றெரிச்சலைத் தருகிறது.

மூன்று எரு, மூன்று பயணம்

எந்த எரு எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது அதில் இருக்கும் தண்ணீரும் சத்தின் செறிவும்தான். நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சராசரியாக 0.5 சதவீதம், மணிச்சத்து 0.2, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 0.5 என்பது நம் வேளாண் நூல்கள் தரும் அளவு. உலர்ந்த கோழி எருவில் இவை முறையே 3.03, 2.63, 1.4 சதவீதம். (மணிச்சத்து, சாம்பல் சத்து இரண்டையும் உர மூட்டையில் அச்சிடும் ஆக்சைடு முறையிலேயே, அதாவது ஆக்சிஜன் எடையையும் சேர்த்தே, இங்கு எழுதுகிறேன்.)

இதை லாரியில் ஏற்றிப் பார்ப்போம். பத்து டன் தொழு உரத்தில் தழைச்சத்து 50 கிலோ. இரண்டரை மூட்டை யூரியாவில் இருப்பது அவ்வளவுதான். அதற்காக ஒரு லாரி நூறு கிலோமீட்டர் ஓடினால் டீசல் செலவுகூடத் தேறாது. அதே லாரியில் கோழி எரு போனால் தழைச்சத்து 300 கிலோ, மணிச்சத்து 263 கிலோ. பத்து மூட்டை யூரியாவும் பதினோரு மூட்டை டிஏபியும் சேர்ந்து தரும் அளவு. மாட்டு எரு ஊர் எல்லையைத் தாண்டாததற்கும், கோழி எரு மாவட்ட எல்லையைத் தாண்டிப் போவதற்கும் இதுவே காரணம். மாட்டு எருவின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: அது மண்ணுக்கு அங்ககப் பொருளைத் தருகிறது, நீர் பிடிக்கும் தன்மையைக் கூட்டுகிறது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதில் இந்த நோக்கமும் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது எரு தானே நடந்து வருகிறது. ஆட்டுக்கிடையைத்தான் சொல்கிறேன்.

டெல்டாவில் அறுவடை முடிந்து வயல்கள் காலியானதும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளுக்கு வருவார்கள். பகலில் ஆடுகள் அறுத்த தாளிலும் வாய்க்கால் கரைகளிலும் மேயும். இரவில் ஒரு வயலில் வலை கட்டிக் கிடை போடுவார்கள். அடுத்த இரவு கிடை அடுத்த துண்டுக்கு நகரும். நிலத்துக்காரர் முன்பு நெல்லாக அளந்தார். இப்போது ஆட்டுக் கணக்கில் பணமாகக் கொடுக்கிறார். கொங்குப் பக்கத்திலும் இதுபோலப் பட்டி போடும் வழக்கம் உண்டு.

ஆட்டுக்கிடையின் சிறப்பை உரக் கணக்கு தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கால்நடை கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும் சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் சிறுநீரில்தான் இருக்கின்றன. தொழுவத்தில் அது மண்ணில் ஊறிக் காற்றில் போய்விடுகிறது. கிடையில் புழுக்கையும் சிறுநீரும் சேர்ந்தே வயலில் விழுகின்றன. அள்ள வேண்டாம், சுமக்க வேண்டாம், இறைக்க வேண்டாம். காலையில் கிடை எழுந்ததும் ஏர் ஓட்டி மண்ணில் கலந்துவிட்டால் இழப்பு மிகக் குறைவு. புழுக்கையின் செறிவும் அதிகம்: தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல் சத்து 2. ஆட்டு எரு அந்த ஆண்டுக்கு, மாட்டு எரு மறு ஆண்டுக்கு என்று கிராமத்தில் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆட்டுப் புழுக்கை வேகமாகச் சிதைந்து பயிருக்குக் கிடைக்கும். மாட்டு எரு நிதானமாக, இரண்டு மூன்று பருவங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

ஆட்டுக்கிடைக்கும் ஒரு வட்டாரக் கணக்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆடு பகலில் மேய்ந்தது புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் என்றால், பொது நிலத்தின் சத்து இரவில் தனியார் வயலுக்கு வந்து சேர்கிறது. மேய்ச்சல் நிலம் பரந்து கிடந்த காலத்தில் அது பொருட்டாகத் தெரியவில்லை. இன்று புறம்போக்குகள் சுருங்கிவிட்டன. பம்புசெட் வந்தபின் வயல் சும்மா கிடக்கும் மாதங்களும் குறைந்துவிட்டன. சீமைக் கருவேலங்காயைத் தின்ற ஆடு அதன் விதையையும் வயலுக்குக் கொண்டுவருகிறது. ஆயினும், கால்நடையையே எருவின் வாகனமாக்கிய இந்த ஏற்பாட்டை விடச் சிக்கனமான உரப் போக்குவரத்தை நான் அறிந்ததில்லை. கீதாரிகளுக்கு வழித்தடமும் இரவுத் தங்கலும் பாதுகாப்பும் கிடைப்பதை வேளாண்மைத் துறையின் வேலையாகவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பொருந்தாத விகிதம்

கோழி எருவை நம்பி நிறைய விவசாயிகள் இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல் சத்து என்பது வழக்கமான பரிந்துரை. தழைச்சத்தும் மணிச்சத்தும் மூன்றுக்கு ஒன்று. கோழி எருவிலோ இரண்டும் ஏறக்குறைய சமம். 150 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று 5 டன் கோழி எரு போட்டால் மணிச்சத்து 130 கிலோவுக்கு மேல் போய்விடும். தேவையைப் போல இரண்டரை மடங்கு. எருவிலுள்ள தழைச்சத்து முழுவதும் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிடைக்காது என்பதால் இன்னும் இரண்டு டன் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அப்போது மணிச்சத்து இன்னும் ஏறும்.

ஏன் இவ்வளவு மணிச்சத்து? மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி கோழியின் குடலில் போதிய அளவு இல்லை. அதனால் தீவனத்தில் தனியாகப் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். தின்றதில் முட்டைக்குப் போவது கொஞ்சம். ஐந்தில் நான்கு பங்கு எச்சத்தில் வந்துவிடுகிறது. இப்போது பைட்டேஸ் நொதியைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கோழியே பூட்டியிருந்த பாஸ்பரஸை எடுத்துக்கொள்வதால் சேர்க்கும் பாஸ்பேட்டைக் குறைக்கலாம். எருவிலும் அது குறையும். எருப் பிரச்சினைக்குத் தீவனத் தொட்டியிலேயே ஒரு மருந்து இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

மிதமிஞ்சிய மணிச்சத்து பயிரை உடனே வாட்டாது. அதனால்தான் கவனத்துக்கு வருவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் தங்கி, துத்தநாகமும் இரும்பும் வேருக்கு எட்டாதபடி செய்கிறது. இலை வெளுக்கிறது, விவசாயி நுண்ணூட்டக் கலவை வாங்கித் தெளிக்கிறார். மழையில் மண் அரித்துப் போகும்போது மணிச்சத்தும் ஏரிக்குப் போகிறது. ஆகாயத்தாமரையும் பச்சைப் பாசியும் செழிக்கும் ஏரிக்கு ஊரின் சாக்கடையும் எருவும் சேர்ந்தே உணவூட்டுகின்றன.

முட்டைக் கோழி எருவில் சுண்ணாம்பும் மிகுதி. ஓட்டுக்காகத் தீவனத்தில் 4 சதவீதம் அளவுக்குக் கால்சியம் சேர்க்கிறார்கள். ஓட்டுக்குப் போகாத கால்சியம் எருவில் வருகிறது. கேரளத்திலும் நீலகிரியிலும் உள்ள அமில மண்ணுக்கு இது வரப்பிரசாதம். கொங்கு நாட்டில் சுண்ணாம்புப் பாங்கான செம்மண் நிறைய. அங்கே மீண்டும் மீண்டும் கோழி எருவே போட்டால் கார நிலை ஏறும். பக்கத்துத் தோட்டத்துக்குத் தொல்லையாகும் அதே எரு மலைக்கு அந்தப் பக்கம் மருந்தாகிறது. தூரம் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தென்னைக்கு ஒரு கணக்கு

எருவை உரமாக எண்ணிப் போடுவது எப்படி என்பதற்குக் காய்க்கும் தென்னை நல்ல எடுத்துக்காட்டு. மரத்துக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 560 கிராம், மணிச்சத்து 320 கிராம், சாம்பல் சத்து 1,200 கிராம் என்பது பரிந்துரை. தழைச்சத்தைக் குறியாக வைத்து எரு போட்டால் மணிச்சத்து மிஞ்சும் என்று பார்த்தோம். ஆகவே மணிச்சத்தைக் குறியாக வையுங்கள். 320 கிராம் மணிச்சத்துக்கு உலர்ந்த கோழி எரு 12 கிலோ போதும். அதிலிருந்தே தழைச்சத்து 365 கிராம் அளவுக்கும் சாம்பல் சத்து 170 கிராம் அளவுக்கும் கிடைத்துவிடும். மீதித் தழைச்சத்துக்கு யூரியா அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சாம்பல் சத்தில் துண்டு விழுவது ஒரு கிலோவுக்கு மேல். அதற்குப் பொட்டாஷ் உரம் 1.7 கிலோ. சூப்பர் பாஸ்பேட் வாங்கவே வேண்டாம்.

கோழி எரு போட்டும் தேங்காய் பெருக்கவில்லை, பருப்பு தடிக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் தோப்புகளில் பெரும்பாலும் இந்தப் பொட்டாஷ் துண்டுதான் அடைபடாமல் இருக்கும். நிறைய எரு போட்டுவிட்டோம், எல்லாம் அதில் இருக்கும் என்ற நம்பிக்கை தென்னையின் பசியைத் தீர்க்காது. மேலே சொன்ன அளவுகள் சராசரி எருவுக்கானவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஈர எருவாக இருந்தால் எடை கூடும். மண் பரிசோதனையில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி என்று வந்தால் எருவைக் குறைக்க வேண்டும்.

காற்றிலும் கிணற்றிலும் போவது

புதிதாக விழுந்த கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்க வைப்பது அதுதான். கண்ணில் கரிக்கும் அந்தக் காற்று, வயலுக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்து. திறந்த வெளியில் மாதக் கணக்கில் குவித்து வைத்தால் பாதிவரை இப்படித் தொலையும். தொடக்கத்தில் சொன்ன 100 டன் லாரி ஏறும்போது 50 டன் ஆகிவிடலாம். மணிச்சத்து காற்றில் போகாது. ஆகவே எரு பழையதாகப் பழையதாக விகிதம் இன்னும் மணிச்சத்தின் பக்கம் சாய்கிறது.

காற்றில் போகாமல் மண்ணில் மிஞ்சும் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, பயிர் எடுத்துக்கொள்ளாவிட்டால் மழைநீரோடு கீழே இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பால் பவுடரைக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு மிகுதியான நைட்ரேட் ஆபத்து; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் தமிழ்நாட்டிலிருந்து எடுத்த நீர் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. பழியை எருவின் மேல் மட்டும் போட முடியாது. யூரியாவுக்கும் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் கிணற்றின் மேட்டில் கோழி எருவைக் கொட்டி வைத்துவிட்டு அந்தக் கிணற்று நீரையே குடிக்கும் வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அந்தக் குவியலைக் கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்துக்கு மாற்றி, மேலே ஒரு தார்ப்பாய் போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

மாவட்டத்துக்குள் அடங்குமா?

வட்டாரச் சத்துக் கணக்கின் மையக் கேள்வி இது. ஐந்து கோடிக் கோழிகளின் எச்சத்தில் வரும் பாஸ்பரஸ் நாளுக்கு ஏறத்தாழ 25 டன். உர மூட்டைக் கணக்கில் மணிச்சத்து 57 டன். ஆண்டுக்கு 20,000 டன்னுக்கு மேல். ஒரு ஹெக்டேருக்கு ஒரு போகத்துக்கு 50 கிலோ என்று வைத்தால் நான்கு லட்சம் ஹெக்டேருக்குப் போதும். நாமக்கல் மாவட்டத்தின் மொத்தப் பரப்போ, கொல்லிமலையும் காவிரிக் கரையும் ஊர்களும் சாலைகளும் கல் பாறைகளும் உட்பட, சுமார் 3.36 லட்சம் ஹெக்டேர். பாசன வசதி இருந்து இரண்டு போகம் விளையும் நிலம் சற்று அதிகம் ஏற்கும். மண்டலத்தின் பண்ணைகள் சில பக்கத்து மாவட்டங்களிலும் இருக்கின்றன. எப்படிக் கழித்துக் கூட்டினாலும், இந்த மணிச்சத்து முழுவதையும் நாமக்கல் மண் ஆண்டுதோறும் பயனுள்ள முறையில் உண்ண முடியாது. ஒரு பகுதி வெளியே போயே ஆக வேண்டும்.

இந்த நிலைக்கு முன்பே வந்து திணறிய நாடு நெதர்லாந்து. ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கிய சோயாவையும் தானியத்தையும் தின்று பன்றியும் கோழியும் மாடும் பெருகின. சிறிய நாட்டின் நிலம் அந்த எருவைத் தாங்கவில்லை. 1991இல், பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் நைட்ரேட் விதிமுறையைக் கொண்டுவந்தது. மாசுக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோவுக்கு மேல் கால்நடை எருவின் தழைச்சத்தைப் போடக் கூடாது. நிலம் போதாத பண்ணையாளர் தன் எருவை அப்புறப்படுத்தப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. எரு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் லாரி ஏறியது. கோழி எருவில் ஒரு கணிசமான பகுதியை மூர்டைக் என்ற இடத்தில் 2008 முதல் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தங்கும், தழைச்சத்து போய்விடும். இறக்குமதி யூரியாவையும் நம்பியிருக்கும் நமக்கு அந்த வழி கடைசி வழியாகத்தான் இருக்க முடியும்.

நமக்கு இன்னும் நல்ல காலம் இருக்கிறது. இங்கே கோழி எருவுக்கு விலை உண்டு. வாங்க ஆளும் உண்டு. மஞ்சள், கரும்பு, மரவள்ளி, வாழை, தென்னை என்று சுற்றுவட்டாரமே அதை எடுத்துக்கொள்கிறது. விலை இருக்கும்போதே அது சரியான மண்ணுக்குப் போகும்படி ஏற்பாடு செய்வது எளிது. விலை போனபின் செய்வது அரசாணையும் அபராதமுமாக முடியும்.

தூரம் போக என்ன வேண்டும்

முதலாவது, தண்ணீர் போக வேண்டும். மேடைக் கொட்டகையின் அடியில் காற்றோட்டம் நன்றாக இருந்து, குடிநீர்க் குழாய் ஒழுகாமல் இருந்தாலே எரு பாதி உலர்ந்துவிடும், ஈயும் குறையும். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் தேங்காய் நார்க்கழிவோ உமியோ பரப்பி ஆழ்கூள முறையில் வளர்ப்பதால் அந்த எரு இயல்பாகவே உலர்வாக இருக்கும். சத்துச் செறிவு கொஞ்சம் குறைவு.

அடுத்தது மக்க வைப்பது. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி, கரிமம் குறைவு. நுண்ணுயிர்களுக்குக் கரிமம் போதாதபோது மிஞ்சும் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவியும் தேங்காய் நார்க்கழிவில் இதற்கு நேர் எதிர்: கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. இரண்டையும் கலந்து ஈரப்பதம் பார்த்து அடுக்கி, அவ்வப்போது கிளறி மக்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நாற்றம் அடங்குகிறது, தழைச்சத்து தங்குகிறது, குவியலின் சூட்டில் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் மடிகின்றன. இரண்டு வட்டாரங்களின் தலைவலி ஒரே குழியில் உரமாவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மக்க வைப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. மக்காச்சோளம் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியில் எருவை ஏற்றி அனுப்பலாமே என்று தோன்றும். பச்சை எருவை ஏற்றிய வண்டியில் மறுபடி தீவனம் ஏற்றினால் சால்மோனெல்லா பாக்டீரியாவும் பறவைக் காய்ச்சலும் பண்ணைக்குள் வர வழி திறக்கும். முறையாக மக்க வைத்து, உலர்த்தி, குருணையாக்கி, மூட்டை கட்டிய எருவானால் அந்த ஆபத்து பெருமளவு குறையும், எடையும் குறைந்திருக்கும், ஒரே அளவாக இருப்பதால் விதைப்புக் கருவியிலும் போடலாம். சாண எரிவாயு ஆலைகளிலிருந்து வரும் உரத்தைச் சந்தைப்படுத்த மத்திய அரசு 2023இல் டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. சரக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை அது தாங்கும். அதே உதவி பண்ணைகளில் மக்க வைத்த எருவுக்கும், தொலைவைப் பொறுத்து, கிடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நூறு கிலோமீட்டர் போகும் எருவுக்கும் பத்து கிலோமீட்டர் போகும் எருவுக்கும் ஒரே தொகை கொடுத்தால் எரு அருகிலேயே தங்கிவிடும்.

வாங்கும் விவசாயி செய்யக்கூடியவையும் இருக்கின்றன. லோடு கணக்கில் விலை பேசாமல் ஈரம் பார்த்துப் பேசுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் நீர் கசியும் எருவில் நீங்கள் தண்ணீருக்கும் வாடகை கொடுக்கிறீர்கள். எத்தனை மாதக் குவியல், மழையில் நனைந்ததா, முட்டைக் கோழியா கறிக்கோழியா என்று கேளுங்கள். பச்சை எருவை மரத்தின் அடியை ஒட்டிக் கொட்டினால் வேர் கருகும்; வட்டப்பாத்தியில் பரப்பி அன்றே மண்ணால் மூடினால் அம்மோனியா இழப்பும் குறையும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வெள்ளரிக்கும் மக்காத எரு வேண்டாம். மண்வள அட்டையில் மணிச்சத்து மிகுதி என்று இருந்தால், இந்த ஆண்டு அந்த லோடை அட்டையில் மணிச்சத்து குறைவு என்று வந்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கு விட்டுக்கொடுங்கள்.